பல்பொடி டப்பாவுக்குப் பின்னால்

பியானோவுக்குள் ஒன்றுமே இல்லை.

எஸ்ரா டாலிவர் மூடியைத் தூக்கி, கழுத்தை நீட்டி நன்றாகப் பார்த்தான். கம்பி இல்லை, சுத்தியல் இல்லை. யாரோ தின்றுவிட்டுப் போட்ட வேர்க்கடலைத் தோல் மட்டும் ஒரு கை அளவுக்குக் கிடந்தது. கட்டையை அழுத்தினால் டொக் என்றது.

"சார், இது வாசிக்காது."

"வாசிக்கக் கூடாதுன்னுதான் வாங்கியிருக்கோம்," என்றார் கெஸ்லர். சின்சினாட்டி தொலைக்காட்சி நிலையத்தில் சனிக்கிழமை சாயங்கால நடன நிகழ்ச்சியை நடத்துகிறவர் அவர். நாற்பது வயதில் அறுபது வயதுக்கான வயிற்றுப்புண் வைத்திருந்தார். "உன் இசைத்தட்டு ஓடும். நீ பாடற மாதிரி வாயை அசை, வாசிக்கிற மாதிரி கையை அசை. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. போன வாரம் வந்தவன் சூயிங்கம் மென்னுக்கிட்டே பாடிட்டுப் போனான். ஒரு கடுதாசி வரலை."

ஓரத்தில் சாக்ஸஃபோன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ரூஃபஸ் சிரித்தான். எஸ்ராவோடு ஆறு வருஷமாக ஊர் ஊராக அலைகிற ஆள். இசைத்தட்டில் ஊதியதும் அவன்தான். ஆனால் நிலையத்துக்குள் நுழைந்ததுமே, "உன் சத்தம் தட்டுலயே இருக்கு, அப்புறம் நீ எதுக்கு?" என்று ஓரங்கட்டிவிட்டார்கள். பெட்டியைக்கூட அவன் திறக்கவில்லை.

"டேய் எஸ்ரா, காலி பியானோ, ஊமைப் பாட்டு. நீயும் வீட்டுக்குப் போயிட்டு சட்டையை மட்டும் அனுப்பி வெச்சிருக்கலாம்," என்றான்.

எஸ்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இன்றைக்கு வேறு கவலை. எண்ணூறு மைலுக்கு அப்பால், மிசிசிப்பியில் ஹிக்கரி பெண்ட் என்ற ஊரில், ஹாப்சன் என்பவருடைய ஈமச்சடங்குக் கூடத்தின் முன்னறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. ஊரில் கறுப்பர்கள் வீட்டில் இருக்கும் ஒரே பெட்டி அதுதான். அழுது களைத்தவர்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் வாங்கிப் போட்டது. இன்றைக்கு அங்கே பிணம் ஏதும் இல்லை. முதல் நாற்காலியில் எஸ்ராவின் அம்மா பெர்னீஸ் உட்கார்ந்து பார்ப்பாள் என்று ஏற்பாடு.

மூன்று வருஷமாக அம்மா கதவைத் திறக்கவில்லை. சர்ச்சில் வாசிக்க அவள் கற்றுக்கொடுத்த கையால் சாத்தானுக்கு வாசிக்கிறான் என்று கோபம். கடிதம் போட்டால் பிரிக்காமலே திரும்பி வரும். போன மாதம்தான் ஹாப்சன் தொலைபேசியில் சொன்னார், "உங்கம்மா கொஞ்சம் இறங்கி வந்திருக்காங்கப்பா. என் கண்ணால ஒரு தடவை பாக்கறேன், தலை குனியற மாதிரி அதுல ஒண்ணும் இல்லைன்னா நவம்பர் வான்கோழி விருந்துக்கு வரட்டும்னாங்க."

அதனால்தான் முப்பத்தோரு வயது எஸ்ரா, அடங்காத பயல் என்று ஏழு மாநிலத்தில் பெயர் வாங்கியவன், சாம்பல் நிறக் கோட்டும் கழுத்துவரை பொத்தானுமாக வந்து நின்றான். காலால் பியானோவை உதைக்கப் போவதில்லை, மேலே ஏறப் போவதில்லை. உட்கார்ந்து, மரியாதையாக, அம்மா பார்க்கும்படி முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

முதல் ஒத்திகை ஆரம்பித்தது. தட்டு சுழன்றது. 'வாடி வெர்டினா' என்று எஸ்ராவின் குரல் கூரையிலிருந்து வந்தது. எஸ்ராவின் வாய் அப்போதுதான் 'வா'வுக்குத் திறந்துகொண்டிருந்தது.

"நிறுத்து," என்றார் கெஸ்லர். "உன் பாட்டு உனக்கே தெரியாதா?"

தெரியும். ஐந்நூறு மேடையில் பாடியிருக்கிறான், ஐந்நூறு விதமாக. தட்டில் இருப்பது ஒரு செவ்வாய்க்கிழமை நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு பாடியது. எங்கே இருமலை அடக்கினான், எங்கே மூச்சு வாங்கினான் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? நான்கு முறை முயன்று பார்த்தான். தன்னையே காப்பியடிக்க ஒருத்தன் இவ்வளவு சிரமப்பட்டு அந்த நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை.

"சரி, விடு," என்றார் கெஸ்லர். வானொலிக் காலத்து மைக் ஒன்றைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து அவன் வாய்க்கு நேரே நிறுத்தினார். தேங்காய் அளவு இருந்தது. மூக்குக்குக் கீழே முகம் மறைந்து போயிற்று. "இப்ப நீ வாய்க்குள்ள என்ன வேணா பண்ணு."

"கண்ணு தெரியுதா சார்?"

"கண்ணு, நெத்தி, எல்லாம் தெரியுது."

போதும், கண்ணைப் பார்த்தாலே அம்மாவுக்குத் தெரியும் என்று எஸ்ரா ஆறுதல் பட்டுக்கொண்டான்.

அப்போதுதான் பாமராய் வந்து சேர்ந்தார். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருகிற மூன்பீம் பல்பொடிக் கம்பெனியின் ஆள். இருபத்தாறு வயது, நல்ல பல். படம் பிடிக்கிற படப்பெட்டியில் தெரிந்த எஸ்ராவின் கண்ணையும் கறுத்த நெற்றியையும் பார்த்தார். அதற்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் பார்த்தார். கெஸ்லரைத் தனியே கூப்பிட்டுப் போனார். தனியே என்றால் நான்கு அடி.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது கெஸ்லர். நானே அவர் தட்டை வாங்கி வெச்சிருக்கேன். ஆனா தெற்கே நம்ம நிகழ்ச்சியை ஆறு நிலையம் எடுக்குது. இவ்வளவு பக்கத்துல, அந்தப் பொண்ணுங்களோட சேர்த்து... ஆறு நிலையம், கெஸ்லர். நினைச்சா தூக்கிடுவாங்க."

அந்த ஆறு நிலையத்தில் ஒன்றுதான் ஹிக்கரி பெண்டுக்குத் தெரியும். நிலையக்காரன் நிகழ்ச்சியைத் தூக்கினால் அம்மாவின் முதல் நாற்காலியும் போச்சு, வான்கோழியும் போச்சு.

"சார், நான் வேணா கொஞ்சம் திரும்பி உக்காரட்டுமா?" என்று அவனே கேட்டான்.

ரூஃபஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

பியானோவைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது படப்பெட்டிக்கு எஸ்ராவின் முதுகும் பின்னந்தலையும் தெரிந்தன. தலைமுடி ஆறு அங்குலம் உயரத்துக்கு எண்ணெய் பளபளக்க எழுந்து நின்றது. பாட்டுக்கு ஏற்றபடி அது தனியே ஆடியது.

பாமராய் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "முகத்தைவிட இது மோசமா இருக்கே. அந்த முடி என்னமோ பேசற மாதிரி இருக்கு."

"தொப்பி போடலாமா?" என்றார் கெஸ்லர்.

"தொப்பி போட்டா முதுகு மட்டும்தான் தெரியும். முதுகைக் காட்டவா அவரைக் கூட்டிட்டு வந்தோம்?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக அது வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் பாமராய்க்கே ஒரு யோசனை வந்தது. பல்பொடிக் கம்பெனியின் அட்டை டப்பா ஒன்று வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஆறடி உயரம், 'புன்னகை உங்கள் சொத்து' என்று எழுதி, சிரிக்கிற நிலா போட்டது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து பியானோவுக்கு முன்னால் வைத்தார்கள். எஸ்ரா அதற்குப் பின்னால் போய்விட்டான். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கட்டையும் அதன் மேல் இரண்டு கையும் மட்டும் தெரியும்.

"அருமை," என்றார் பாமராய். "கைதானே முக்கியம். பியானோக்காரனுக்குக் கைதான் முகம். என்ன தம்பி?"

அவனைவிட ஐந்து வயது இளையவன் கூப்பிட்ட அந்தத் 'தம்பி'யை எஸ்ரா விழுங்கிக்கொண்டான். விழுங்கிப் பழகிய தொண்டைதான்.

"தலை குனியற மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னாங்களே உங்கம்மா," என்றான் ரூஃபஸ், அட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து. "தலையே இல்லையேடா. எப்படிக் குனியும்?"

"கை தெரியுதில்ல. விடு."

"உன் கைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பல்பொடி டப்பா பியானோ வாசிக்குதுன்னுதான் நினைப்பாங்க."

எஸ்ரா இடது கையைத் தூக்கிக் காட்டினான். சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ஒன்பது வயதில், சர்ச்சில் திருவிருந்து நேரத்தில், பாட்டின் நடுவே இடது கையைக் கொஞ்சம் துள்ளவிட்டான். பக்கத்தில் நின்ற அம்மா பியானோ மூடியை அறைந்து சாத்தினாள். அன்றைக்கு ராத்திரி அந்த விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அழுததும் அவள்தான். ஆயிரம் கைக்கு நடுவே நீட்டினாலும் இந்த விரலை அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"முகத்தைவிட இது நிச்சயம்," என்றான் எஸ்ரா. நம்பிக்கையாகத்தான் சொன்னான்.

இரண்டாம் ஒத்திகையில் நடனப் பெண்களில் ஒருத்தி, பெக்கி என்று பெயர், பழக்கதோஷத்தில் ஆடிக்கொண்டே வந்து பியானோவின் ஓரத்தில் சாய்ந்தாள். அவள் கை எஸ்ராவின் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று பாமராய் ஓடி வந்தார். வேர்த்திருந்தது. "தெற்கே ஆறு நிலையம். கை பக்கத்துல கை. என்னைத் தொலைச்சுடுவாங்க." சட்டைப்பையில் தயாராக வைத்திருந்ததுபோல ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை எடுத்து நீட்டினார். "இதைப் போட்டுக்கோ தம்பி. பிரச்சினையே இல்லை."

எஸ்ரா கையுறையைப் பார்த்தான். மைக்கை ஒப்புக்கொண்டான், முதுகை ஒப்புக்கொண்டான், பல்பொடியை ஒப்புக்கொண்டான். அன்றைக்கு முதல்முதலாக வாயைத் திறந்து மாட்டேன் என்றான்.

"என்ன மாட்டேன்?"

"கையுறை போட மாட்டேன் சார். என் விரல் தெரியணும்."

"எந்த விரல்?"

எஸ்ரா காட்டினான். எதற்கென்றும் சொன்னான். அம்மா, ஹாப்சன், முதல் நாற்காலி, எல்லாவற்றையும் சொன்னான். பாமராய் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. அவர் கண் கலங்கியே விட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

"சரி. கையுறை வேண்டாம். அப்ப பொண்ணுங்களைத் தள்ளிடுவோம். எல்லாரும் அந்தக் கடைசிக்குப் போய் ஆடட்டும்."

பெண்கள் போனார்கள், அவர்களோடு பையன்களும் போனார்கள். இப்போது பியானோவைச் சுற்றி வெறும் தரை. மூன்றாவது படப்பெட்டிக்காரன் குழம்பினான். "சார், எனக்கு எதிர்ல ஆட்டமே இல்லை. நான் எதைக் காட்டறது?"

"பார்வையாளர்களைக் காட்டு," என்றார் கெஸ்லர்.

படப்பெட்டி திரும்பியது. திரையில் வரிசை வரிசையாக முகங்கள் வந்தன. முன்னால் எட்டு வரிசை வெள்ளை. கடைசி இரண்டு வரிசையில் கறுப்பர்கள், பதினாலு பேர். காலையிலிருந்து வாசலில் நின்று இலவசச் சீட்டு வாங்கி வந்தவர்கள். திரையில் அது ஒரு புள்ளிக்கூட்டமாகத்தான் தெரிந்தது. பாமராய்க்கு அது போதுமானதாக இருந்தது.

"கலந்து உக்காந்திருக்காங்களே," என்றார் மெதுவாக.

"பின்னாடிதான் இருக்காங்க," என்றார் கெஸ்லர்.

"படத்துல பின்னாடி ஏது, முன்னாடி ஏது? எல்லாம் ஒரே கண்ணாடிதான்." மணியைப் பார்த்தார். நிகழ்ச்சிக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது. "நம்ம காவலாளி போய்ச் சொன்னா தகராறாகும். பேப்பர்ல வரும்." எஸ்ராவின் தோளில் கை வைத்தார். "நீ சொன்னா கேப்பாங்க."

எஸ்ரா கட்டை மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"உனக்கும் ஒரு உதவி பண்றேன். கெஸ்லர், நடுப்பாட்டுல அந்த விரலை மட்டும் காட்டுங்க. நாலு எண்ணற வரைக்கும். திரை முழுக்க அந்த ஒரு விரல். தம்பி, உங்கம்மா தவறவிடவே முடியாது. அந்த ரெண்டு வரிசை காலியானா இது உனக்கு."

"நாலு எண்ணிக்கையா?"

"நாலு. நான் சொன்னா சொன்னதுதான்."

ரூஃபஸ் எழுந்து வந்தான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "டேய், வேண்டாம். அவங்க ஒருத்தனும் பெக்கியைப் பாக்க வரலை. உன்னைப் பாக்க வந்திருக்காங்க."

"என்னை எங்கடா பாக்கப் போறாங்க? நான்தான் டப்பாவுக்குப் பின்னாடி இருக்கேனே," என்றான் எஸ்ரா. "அவங்க அடுத்த மாசம் தியேட்டர்ல வந்து பாத்துப்பாங்க. எங்கம்மாவுக்கு அடுத்த மாசம் கிடையாது. இன்னிக்கு விட்டா அவ மறுபடி பெட்டி முன்னாடி உக்கார மாட்டா."

"நீயே கேட்டுக்கோ, நீ பேசறதை."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மைக்குக்கு உயிர் கொடுத்தார்கள். அன்றைக்கு எஸ்ராவின் நிஜக் குரலுக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். அட்டை டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே பேசினான். எழுந்து நின்றிருந்தாலும் விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் ஒரு முகமும் தெரிந்திருக்காது. அது அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது.

"கடைசி ரெண்டு வரிசைல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு... நான் எஸ்ரா டாலிவர் பேசறேன். ஒரு சின்ன உதவி. நீங்க கொஞ்சம் எழுந்து வெளிய போயிட்டா எனக்குப் பெரிய உபகாரமா இருக்கும். எனக்காக. தப்பா எடுத்துக்காதீங்க."

பிறகு நாற்காலிகள் மடங்குகிற சத்தம் வந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் திட்டவில்லை. ஒரு ஆள் மட்டும், "ஆகட்டும் துரை," என்றான். கீழே பார்த்துக்கொண்டே எஸ்ரா எண்ணினான். பதிமூன்று உடனுக்குடன் மடங்கின. பதினாலாவது மடங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

ரூஃபஸ் சாக்ஸஃபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"நீ எங்கடா போறே?"

"நம்ம ஆளுங்கன்னு சொன்னியே. நானும் அதுல சேத்திதான்," என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு அவனும் போனான்.

சரியாக ஐந்து மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பித்தது. தள்ளி, அந்தக் கடைசியில் பெண்கள் ஆடினார்கள். நடுவில் நிலா சிரித்தது. அதன் பக்கவாட்டில் இரண்டு கை காலிப் பியானோவை அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணத்தில் ஊசி தட்டில் மாட்டிக்கொண்டு, 'வாடி, வாடி, வாடி' என்று ஏழு தடவை கூப்பிட்டது. கை சளைக்காமல் ஏழு தடவையும் அதே இடத்தை அடித்தது. கண்ணாடி அறையில் கெஸ்லர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாத்திரையைத் தேடினார். பிறகு ஊசி தானாகவே தாண்டிப் போய்விட்டது.

நடுப்பாட்டு வந்தது. பாமராய் சொன்ன வார்த்தை தவறவில்லை. இரண்டாவது படப்பெட்டி உருண்டு வந்து, எஸ்ராவின் இடது கைக்கு ஓர் அடி பக்கத்தில் நின்றது. அதன் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஸ்ரா சுண்டுவிரலைக் கொஞ்சம் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிக்கூடக் காட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பெருந்தன்மையாக ஐந்தாவதும் கிடைத்தது. பிறகு விளக்கு அணைந்தது.

மைக்குக்குப் பின்னால், நிலாவுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல் எஸ்ரா சிரித்தான். முழு வாயும் திறந்து சிரித்தான். அம்மா இந்நேரம் ஹாப்சனின் கையைப் பிடித்து, "பாத்தீங்களா, நான் உடைச்ச விரல்," என்று சொல்லியிருப்பாள். அழுதிருப்பாள். கோபத்தில் அழுதாலும் சரி, பார்த்துவிட்டாள் அல்லவா?

நிகழ்ச்சி முடிந்ததும் பாமராய் வந்து கை குலுக்கினார். அந்த விரல் படாமல் ஜாக்கிரதையாகக் குலுக்கினார். "ரொம்ப கண்ணியமா இருந்துச்சு தம்பி. ஒரு நிலையம்கூட வாயைத் திறக்க முடியாது," என்றார். எஸ்ரா நன்றி சொன்னான். நிஜமாகவே சொன்னான்.

நடைவழியில் சுவரில் தொலைபேசி இருந்தது. ஹிக்கரி பெண்டுக்கு இணைப்புக் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். அம்மா லைனுக்கு வந்தால் முதலில் ஒன்றும் சொல்லக் கூடாது, அவள் பேசட்டும். மூன்று வருஷத்துப் பேச்சு அவளிடம் இருக்கும்.

மணி நாலு தடவை அடித்ததும் ஹாப்சன் எடுத்தார். பின்னால் சளசளப்பே இல்லை. கூடம் அமைதியாக இருந்தது.

"சார், நான் எஸ்ரா. எப்படி இருந்துது? அம்மாவுக்கு விரல் தெரிஞ்சுதா?"

"எந்த விரல்ப்பா?"

"என் சுண்டுவிரல் சார், நடுப்பாட்டுல. திரை முழுக்கக் காட்டினாங்களே. அம்மாகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க."

ஹாப்சன் தொண்டையைச் செருமிக்கொண்டார். துக்க வீட்டுக்காரர்களிடம் பேசிப் பேசி மென்மையாகிப் போன குரல் அவருக்கு.

"என்னப்பா சொல்றே, உன் பேரைப் பாத்ததுமே இங்க நிலையக்காரன் புதன்கிழமையே நிகழ்ச்சியைத் தூக்கிட்டு பருத்திப்புழுவைப் பத்தின விவசாயப் படம் போடறதா சொல்லிட்டான், சரி நானே நேர்ல போய் கடைசி வரிசைல சத்தம் போடாம உக்காந்து பாத்துட்டு வரேன்னு உங்கம்மா வியாழக்கிழமையே பஸ் ஏறிட்டாங்களே, இன்னும் நீ அவங்களைப் பாக்கலையா?"